சகாயமேரியின் பூசைக் கருத்து

எனக்கு வேலை கிடைத்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் மைக் வைத்து வாசித்தார்கள். கிடைக்கவில்லை என்கிற செய்தி சனிக்கிழமை சாயங்காலமே என் போனுக்கு வந்துவிட்டிருந்தது.

எங்கள் கோயிலில் பூசை தொடங்கும் முன், இன்னதற்காக இந்தப் பூசை என்கிற அன்றைய கருத்துகளை உபதேசியார் தனிஸ்லாஸ் வாசிப்பார். இறந்தவர் ஆன்மா இளைப்பாற, காய்ச்சல் குணமாக, பரீட்சையில் தேற, கேட்டது கிடைத்ததற்கு நன்றியாக என்று யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் ஓர் எழுத்து பிசகாமல் வாசிக்கிற மனிதர். முன்னால் படித்துப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. ஒருமுறை ஒரு மாமியார் 'மருமகள் வாய் குறைய' என்று எழுதிக் கொடுத்ததையும் அப்படியே வாசித்துத் தொலைத்தார். மருமகள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இந்த ஞாயிறு என் முறை. "ஜெனிஷா டீச்சருக்கு நிரந்தர வேலை கிடைத்ததற்கு நன்றியாக, சகாயமேரி குடும்பத்தார்" என்று வாசித்தார். சகாயமேரி என் அம்மா. பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு மண்டியிட்டிருந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்து என்னைச் சந்தோஷப்படுத்திவிட்டதாக நினைப்பு.

தப்பு என் மேலும் இருக்கிறது. அந்த மெசேஜைப் பார்த்ததும் தலைவலி என்று சொல்லிப் போர்த்திப் படுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் பூசையை மறைத்தாள், நான் தோல்வியை மறைத்தேன், நடுவில் தனிஸ்லாஸ் மைக்கைப் பிடித்துவிட்டார்.

கோயில் காம்பவுண்டுக்குள்ளேயேதான் பள்ளிக்கூடம். மூன்று வருஷமாக அங்கே தற்காலிக டீச்சராக ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தகுதித் தேர்வும் பாஸ் செய்தாயிற்று. அரசு சம்பளம் வருகிற இடத்தில் இருந்த டீச்சர் ரிட்டயர் ஆனதும், அந்த இடம் உனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்கினேன், லீவு போட்டவர்களின் வகுப்பையெல்லாம் பார்த்துக்கொண்டேன், லேபைக் கூட்டிப் பெருக்கினேன். இண்டர்வியூவில் அறிவியலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். மீதி நேரமெல்லாம் கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை வெளியூர் என்றால் என்ன செய்வாய் என்பதுதான்.

வந்த மெசேஜில் எனக்குப் போதுமான அனுபவம் இல்லை என்று இருந்தது. எடுத்திருப்பது போன வருஷம் பி.எட். முடித்த திருமங்கலத்துப் பெண்ணை. யார் சிபாரிசு என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எங்கள் கோயிலுக்கும் பொருந்தும்போல.

பூசை முடிந்து வெளியே வந்தால் கை கொடுக்க ஒரே கூட்டம். கேக் எங்கே என்றார்கள், பிரியாணி எப்போது என்றார்கள். நான்காவது ஆளிடம் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை சிஸ்டர் வந்தார். ஆண்டவர் எனக்கு வேறு திட்டம் வைத்திருப்பார் என்றார். அதே மூச்சில், புது டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, நாளையிலிருந்து ஒரு மாதம் கூட இருந்து பழக்கிவிடு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கம் திரும்பினார்.

"எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சகாயமேரி. இப்பப் பாருங்க, பிள்ளைக்கு எம்புட்டு அவமானம்."

"மன்னிச்சிருங்க சிஸ்டர்" என்றாள் அம்மா.

குனியக் குனியக் கொட்டுவார்கள் என்று தெரிந்தும் ஏன் இப்படிக் குனிகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து போகிற கறிக்கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் மேல் இருந்ததையும் சேர்த்து அவள் மேல்தான் கொட்டினேன். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டாய் என்றேன். உன்னால் நான் இனிமேல் அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாது என்றேன். அவள் அழவில்லை. முக்காட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"யாரக் கேட்டும்மா எழுதிக் குடுத்த?" என்றேன் கடைசியாக.

"சிஸ்டர்தான்டி சொன்னாங்க. புதன்கிழமை நவநாள் செபம் முடிஞ்சு வாரேன், என்னக் கூப்பிட்டு, உங்க பிள்ளைக்கு ஆயிருச்சு, ஞாயித்துக்கிழமைக்கு நன்றிப் பூசை எழுதிக் குடுத்துருங்கன்னாங்க."

புதன்கிழமை வரை அந்த இடம் எனக்குத்தான் இருந்திருக்கிறது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவர், அறுத்த கத்தியை அம்மா கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சிஸ்டரைப் போய் நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்றாள். அம்மாவைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் என்னைக் குத்தியது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். பழக்கிவிடுகிற அளவுக்கு எனக்குப் போதுமான அனுபவம் இல்லை, ஆகவே வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று எழுதி, லேப் சாவியோடு ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் கோபம் ஒரு பொட்டு குறையவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை என்னிடம் பேனா வாங்கிக்கொண்டு போனாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்கு வரவில்லை என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவள் அன்று மூன்றாவது வரிசைக்குப் போனாள். முன் வரிசையில் சிஸ்டரும் பக்கத்தில் புது டீச்சரும் இருந்தார்கள். தனிஸ்லாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இரண்டு ஆன்ம இளைப்பாற்றி, ஒரு முழங்கால் வலி, அதற்கடுத்து:

"புதன்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை மறந்துபோன தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டி, சகாயமேரி."

பாதியில் அவர் குரல் தடுமாறியது. ஆனால் நிறுத்தத் தெரியாத மனிதர், முடித்துவிட்டார். சிஸ்டரின் கழுத்து விறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முழுப் பூசையையும் ஒழுங்காகக் கண்டாள்.

வெளியே வந்ததும் சிஸ்டர் நேரே எங்களிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் சகாயமேரி என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் யாரும் நகரவில்லை.

"தப்புத்தான் சிஸ்டர்" என்றாள் அம்மா. "எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போனாள்.