சம்பளம் நேரில்

தக்காளிக்குக்கூட விலை எழுதி அட்டை வைக்கிறான் வண்டிக்காரன். மனுஷியை வேலைக்குக் கூப்பிடும் நோட்டீசில் மட்டும் விலை இருக்காது. ‘பெண்கள் தேவை, தங்குமிடம் உண்டு, சம்பளம் நேரில்’ என்று ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள். 2012 ஆகஸ்ட். அதைப் பார்த்து சங்கரன்கோவிலிலிருந்து சுகப்பிரியாவை வரவழைத்தது நான்தான். காருக்கு வயர் கட்டும் அந்தக் கம்பெனியில் எனக்கு அப்போது மூன்றாவது வருஷம்.

சுகப்பிரியா எங்கள் தெருப் பெண். புருஷன் லாரி விபத்தில் போய்விட்டான். நாலு வயது மகளை ராஜபாளையத்தில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கம்பெனி ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு இடமில்லை. தனியாக ஒரு ரூம் எடுத்து, அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மகளைக் கூட்டிவந்துவிட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

“எவ்வளவு எதிர்பாக்கிறேன்னு கேப்பாங்க. ஆறாயிரம்னு சொல்லுட்டி” என்றேன்.

“எட்டு இருந்தாத்தான் ரூம் எடுக்க முடியும்க்கா.”

“கூடக் கேட்டா திருப்பி பஸ் ஏத்திருவான். மொதல்ல உள்ள போ, பொறவு ஏத்திக் கேக்கலாம்.”

ஆறு என்றே சொன்னாள். உடனே சரி என்றார்களாம். வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

அவளுக்கு அடுத்து உள்ளே போனவள் காஞ்சிபுரத்துக் கனகம். மறுநாள் கேன்டீனில் என் காதோடு சொன்னாள்: “நான் எட்டு கேட்டேங்கா. ஒண்ணும் பேசல, சரின்ட்டாரு.”

சுகப்பிரியாவிடம் சொல்லிவிடாதே என்று கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பளத்தைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் மிரட்டி வைத்திருந்தது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. உண்மையில் வெட்கம். எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசி அவள் வயிற்றில் அடித்துவிட்டேனே என்ற வெட்கம். என் புத்தியில் இடி விழ.

பக்கத்தில் வடக்குப்பட்டில் ஓர் ஓட்டு ரூமைப் பார்த்து வைத்திருந்தாள் சுகப்பிரியா. வீட்டுக்கார ராஜலட்சுமியம்மா வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “இன்னாம்மா, யாருக்கும் குடுக்காம வெச்சிகினு கீறேன். புள்ளய எப்போ இட்டுகினு வர?” பொங்கலுக்குப் பிறகு சம்பளம் கூட்டிக் கேட்டாள். ஒரு வருஷம் முடியட்டும் என்றார்கள். மார்ச்சில் ராஜலட்சுமியம்மா ரூமை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

மே மாதம் நாத்தனாரிடமிருந்து போன். அவளுக்குப் பிள்ளை இல்லை. “பள்ளிக்கூடத்துல சேக்கணும். ஒண்ணு வந்து கூட்டிட்டுப் போ, இல்லன்னா எங்க புள்ளையா எழுதிச் சேத்துருதோம். நடுவுல வந்து புடுங்கப்புடாது” என்றாளாம். சுகப்பிரியா இரண்டு நாள் யோசித்தாள். ஆறாயிரத்தை எப்படி மடக்கினாலும் ரூம் வரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தவள், மறுநாள் ஷிப்டுக்கு எழுந்திருக்கவில்லை.

அதற்கு மேல் கனகத்தால் வாயைக் கட்ட முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைக்கும் கல்லருகே வந்து நின்றாள் சுகப்பிரியா. கத்துவாள், நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

“எட்டுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களாக்கா?”

“குடுத்திருப்பாங்கட்டி.”

“ஒனக்கு எப்பம் தெரியும்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நீ சேந்த மறுநாளே.”

“ஆறு சொல்லச் சொன்னதுக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லதுன்னு நெனைச்சுச் சொன்ன. மறுநாளே சொல்லியிருந்தா எதுத்த கம்பெனில போயி எட்டு கேட்டிருப்பேன்லா. எம்புள்ள எங்கிட்ட இருந்திருக்கும்லா.”

அழுதது நான்தான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரமே எதிர்க் கம்பெனிக்குப் போய் எட்டு கேட்டாள், கொடுத்தார்கள். அங்கேயும் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். ரூம் தேடவில்லை.