முப்பத்தாறாவது வாக்கு

வடமேற்கில் எங்கோ பனிமலைகளின் அடியில் புறப்பட்டு, தடுப்பார் எவருமின்றி நானூறு கல் தொலைவு புல்வெளியின்மேல் ஓடிவந்து, அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த சோள வயல்களைத் துழாவி, கரையோரம் உறையத் தொடங்கிவிட்ட பேராற்றின் சாம்பல்நிற நீரைச் சிலிர்க்கச் செய்து, இறுதியில் எங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் செப்புக் குவிமாடத்தில் மோதி முனகிக்கொண்டிருந்த காற்றைத் தவிர, அந்த நவம்பர்ப் பிற்பகலில் தலைநகரின் தெருக்களில் நடமாடுவார் எவருமில்லை. தலைநகர் என்னும் பெயர்தான் பெரிது, ஊர் சிறிது. மன்றம் கூடும் இரண்டு மாதங்களில் விடுதிகள் நிறையும். எஞ்சிய பத்து மாதங்களும் வாத்து வேட்டைக்கு வருவோரை நம்பியே அவை பிழைக்கும். தேர்தல் முடிந்து பத்தாம் நாள் அது. வென்ற பெருங்கட்சியார் மேல்தளத்துச் சலவைக்கல் கூடத்தில் கூடியிருந்தனர். தோற்ற கட்சியாராகிய நாங்களோ, வழக்கம்போல அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்த அறையில், வெந்நீர்க் குழாய்களின் இரைச்சலுக்கிடையே கூடியிருந்தோம். எழுபது இருக்கைகள் கொண்ட அவையில் நாங்கள் பதினொருவர்.

முப்பது ஆண்டுகளாக நாங்கள் தேய்ந்த கதையை விரித்தால் அன்பர்களாகிய உங்களுக்குச் சலிப்பே மிஞ்சும். ஆகவே ஒன்றைமட்டும் சொல்கிறேன். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளின் எல்லை வரையப்படும்போதெல்லாம், எங்களுக்கு வாக்களிக்கும் ஊர்களை நான்காய்க் கிழித்து நான்கு பக்கத்துப் பண்ணைநிலங்களோடு தைத்துவிடுவது பெருங்கட்சியாரின் கைத்திறன். அந்தப் பத்தாண்டு வரைபடம் மீண்டும் வரையப்படவிருந்த குளிர்காலம் அது. அவ்வேளை பார்த்துப் பெருங்கட்சி இரண்டாய்ப் பிளந்து நின்றது. அவைத்தலைவர் இருக்கைக்கு நிதானக்காரர் டேல் ஹோஃபர் பக்கம் முப்பதின்மரும், எங்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிரென்ட் கோல் பக்கம் இருபத்தொன்பதின்மரும் நின்றனர். வெல்ல வேண்டுமாயின் முப்பத்தாறு வாக்குகள் தேவை. இருவருக்கும் எட்டாத அந்த எண்ணிக்கை எங்கள் பதினொருவரின் மடியில் வந்து விழுந்திருந்தது.

எங்கள் தலைவி மார்லீன் வாங்கன், முப்பதாண்டுகள் மாவட்டச் செவிலியாய்ப் பனியிலும் புயலிலும் பண்ணைவீடு பண்ணைவீடாக ஊர்ந்து திரிந்தவள், அறுபத்தேழு வயதினள், குறைவாகப் பேசுபவள். அவளும் ஹோஃபரும் தேர்தல் முடிந்த வாரமே ஒரு தீவனக்கடையின் பின்புறம் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பதினொரு வாக்கும் அவருக்கு. ஈடாக, எல்லை வரையும் குழுவில் இரு கட்சியாருக்கும் சம இடம். எழுத்தில்லை, சான்றில்லை, எங்கள் நாட்டில் கைகுலுக்கிய பின் தாள் கேட்பது வசவுக்குச் சமம். ஒரு கட்சி பிழைத்தெழுவதற்கான வழி அந்தக் கைகுலுக்கலில் அடங்கியிருந்தது.

ஆனால் அன்று தலைமைக்குப் போட்டி எழுந்தது. நான்காண்டுகளுக்கு முன் அவைக்கு வந்த கர்ட்டிஸ் பிராண்ட் என்னும் முப்பத்தெட்டு வயது வழக்கறிஞன், கூர்மையானவன், பொய் பேசாதவன், பொறுமைமட்டும் இல்லாதவன், எழுந்து நின்றான்.

“ஹோஃபருக்குக் கைதூக்கினா நாம அவரோட நாய்க்குட்டி ஆயிடுவோம். இன்னிக்கு ரொட்டித்துண்டு போடுவார், நாளைக்கு வெளியில கட்டுவார். அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும். நாம கை கழுவி ஓரமா நிப்போம். ஜனங்க தானா நம்மகிட்ட வருவாங்க.”

“முப்பது வருஷமா கை கழுவித்தான் நிக்கிறோம், தம்பி. இன்னும் யாரும் வரலை,” என்றார் ஆர்வில் சேதர். எழுபத்தோரு வயது மாட்டுப்பண்ணைக்காரர், வாய்த்துடுக்கு மிகுந்தவர். “ஆனா ஒண்ணு. மார்லீனுக்கும் வயசாச்சு. எனக்கும் ஆச்சு, என் டிராக்டருக்கும் ஆச்சு. டிராக்டரையாவது மாத்தலாம்!” எல்லாரும் சிரித்தனர். சிரித்தவர்களுள் மார்லீனும் ஒருத்தி.

இங்கேதான், அன்பர்களே, எங்களுக்கே உரிய ஒரு பைத்தியக்காரத்தனத்தை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் கட்சியில் தலைமைக்கு நிற்கும் இருவரும் தத்தம் சீட்டில் எதிராளியின் பெயரையே எழுதுவது தொன்றுதொட்ட வழக்கு. தன் பெயரைத் தானே எழுதுவது இழுக்கு என்பது முன்னோர் கருத்து. இருவரும் அப்படி எழுதினால் ஒன்றுக்கொன்று கழிந்து, முடிவு மாறாது. இவ்வழக்கை நின்றவர்களே அறிவர். முன்னே நின்றவர் பின்னே நிற்பவருக்குக் காதோடு சொல்லி வைப்பதோடு சரி, மற்றவரிடம் மூச்சுவிடமாட்டார். எட்டாண்டுகளாகப் போட்டியே இல்லாமற்போனதால், அதை அறிந்தவர் அவ்வறையில் மார்லீன் ஒருத்தியே. பிராண்டிடம் சொல்ல வேண்டியது அவள் கடமை. அவன் நிற்கப்போவது முந்தின நாளே தெரிந்திருந்ததால், அன்று காலை அவன் அறை வாயில்வரை சென்றாள். கதவைத் தட்டவும் கை உயர்த்தினாள். ‘என் பெயரை எழுது என்று எதிராளியிடமே போய்க் கேட்பது வாக்குப் பிச்சையன்றி வேறென்ன’ என்று நாணித் திரும்பிவிட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் மார்லீன் பிறருக்காகத்தான் வாய் திறப்பாள்.

ஆர்வில் தம் விதைநிறுவனத் தொப்பியைக் கழற்றி மேசையில் கவிழ்த்துப் பிடிக்க, பதினொரு சீட்டுகளும் அதில் விழுந்தன. மார்லீன் பிராண்டின் பெயரை எழுதினாள். வழக்கறியாத பிராண்ட், உலகத்தார் எல்லாரும் செய்வதுபோலத் தன் பெயரைத் தானே எழுதினான். பிராண்டுக்கு ஆறு; மார்லீனுக்கு ஐந்து. தலைமை கைமாறியது. ஹோஃபரோடு உடன்பாடு இல்லையென்றும், பதினொருவரும் அவைத்தலைவர் தேர்தலில் தன் பெயரையே சொல்லவேண்டுமென்றும் புதிய தலைவன் அங்கேயே அறிவித்தான். அந்த ஒரு நொடியில் மார்லீனின் முகம் வெளுத்ததைக் கண்டேன். மூப்பால் வந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டேனே, என் அறிவை என்னென்பது!

மறுநாள் காலை, ஆற்றங்கரை உணவகத்தில், மார்லீனின் ஆதரவாளர்கள் ஐவரும் அவளும் காப்பிக் கோப்பைகளைச் சுற்றி அமர்ந்திருந்தபோது லூவெல்லா எண்ணத் தொடங்கினாள். கணக்காசிரியையாக இருந்தவள், எண்ணாமல் இருக்கமாட்டாள்.

“நாங்க அஞ்சு பேர், மார்லீன் ஒண்ணு, ஆறு. ஆனா விழுந்தது அஞ்சு. நம்மள்ல ஒருத்தர் கவுத்துட்டாங்க.” அவள் பார்வை சுற்றிவந்து ஆர்வில்மேல் நின்றது. “ஏன் ஆர்வில், தொப்பிதான் உன்னுதுன்னு நினைச்சேன். பிராண்டுக்கு விழுந்த ஆறாவது சீட்டும் உன்னுதா? டிராக்டரை மாத்திட்ட போல!”

“விளையாடாத லூவெல்லா.”

“நான் விளையாடலை.”

ஆர்வில் மார்லீனைப் பார்த்தார். மார்லீன் கோப்பைக்குள் பார்த்தாள். தோற்றபின் அதைச் சொல்வது, பண்பு காட்டித் தோற்றேன் என்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதாகாதா என்று அவள் நெஞ்சம் குறுகியது. மேலும், நெடுங்கால அரசியல் கண்டவள் இப்படி ஏமாந்தாள் என்று நண்பர்கள் நகைப்பார்களே என்ற வெட்கமும் நாவைக் கட்டியது. ஆர்வில் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு, தின்னாத அப்பத்தைத் தட்டிலேயே விட்டு எழுந்து போனார். அதன்பின் அவரை எவரும் அழைக்கவில்லை. கிறித்துமசு விருந்துக்கும் அவருக்குச் சொல்லவில்லை.

மார்லீனோ தன் சொல்லைக் காப்பதென்று முடிவு செய்தாள். ஹோஃபருக்குத் தேவை ஆறே வாக்குகள். கட்சித் தலைவனை மீறியேனும், கட்சியை விட்டே நீக்கப்பட்டாலும், தானும் தன்பக்கத்து ஐவருமாக அந்த ஆறைத் தந்துவிட்டால் வரைபடம் காப்பாற்றப்படும். வரைபடம் பிழைத்தால் கட்சி பிழைக்கும். நால்வர் ஒப்பினர். ஐந்தாமவர் ஆர்வில். மன்றம் கூடுவதற்கு முந்தின நாள் உச்சிவேளையில், உறைபனி பாய்ந்த சாலையில் தொண்ணூறு கல் வண்டியோட்டி அவர் பண்ணைக்குச் சென்றாள். அவர் அடுக்களையில் அமரவைத்துக் காப்பி ஊற்றினார். வெளியே மாடுகள் காற்றுக்கு முதுகுகாட்டி நின்றன.

“எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியும்,” என்றாள் மார்லீன்.

“தெரியும். ஆறு வேணும். அஞ்சுதான் கையில இருக்கு.” அவர் எதிரே அமர்ந்தார். “ரெண்டு மாசமா ஒருத்தரும் என் வீட்டுப்பக்கம் வரலை. இப்ப வாக்கு வேணும்னதும் வழி தெரிஞ்சுடுச்சு. சரி, விடு. ஒண்ணுதான் கேக்கிறேன். நான் உன்னைக் கவுத்தேன்னு நீயும் நினைக்கிறியா?”

“ஒரு நாளும் இல்லை, ஆர்வில்.”

“அப்ப யாரு?”

அடுப்பின்மேல் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான்கே சொற்களில் முடியக்கூடிய விடை அவள் தொண்டைவரை வந்தது. அவள் சொல்லியிருப்பாள் என்றே இன்றும் நான் நம்புகிறேன். ஆனால் இரண்டு மாதம் அவரைப் பழியில் ஊறவிட்டுவிட்டு இப்போது வாக்குக்காக உண்மையைக் கொண்டுவந்து விற்பதாகத் தோன்றுமே என்று மீண்டும் அஞ்சினாள். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுவது நல்லவர்களுக்கு வாய்த்த நோய்.

“அதை என்னால சொல்ல முடியாது,” என்றாள்.

“ஓ,” என்றார் அவர். கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “நாளைக்கு வருவேன். பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சு நிப்பேன்,” என்றார். அதை இசைவென்று கொண்டு அவள் திரும்பினாள்.

மறுநாள் நண்பகல், மேன்மாடங்களில் உறுப்பினர்களின் குடும்பத்தார் நெருக்கி நிற்க, அவைச் செயலர் குடும்பப்பெயர்களின் அகரவரிசையில் உறுப்பினர்களை அழைத்தார். ஒவ்வொருவரும் எழுந்து தாம் விரும்பும் பெயரைச் சொல்லி அமர்ந்தனர். எங்கள் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக ஹோஃபரின் பெயரைச் சொல்ல, பிராண்ட் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்தன. கோலின் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஹோஃபரின் எண்ணிக்கை முப்பத்துநான்கில் நின்றபோது செயலர், “ஆர்வில் சேதர்” என்று அழைத்தார்.

ஆர்வில் எழுந்தார். அவையைப் பார்க்கவில்லை, லூவெல்லாவைப் பார்த்தார்.

“பிராண்டோட ஆளுன்னு ரெண்டு மாசமா சொன்னீங்க. சரி, அப்படியே இருக்கட்டும். பிராண்ட்.”

லூவெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். மேலும் சில பெயர்களுக்குப்பின் மார்லீன் எழுந்து, “ஹோஃபர்” என்றாள். முப்பத்தைந்து. கோலுக்கு இருபத்தொன்பது, பிராண்டுக்கு ஆறு. எவருக்கும் பெரும்பான்மை இல்லையென்று அறிவித்து, மறுவாக்கெடுப்புக்கு முன் அவை அரைமணி கலைந்தது. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

மார்லீன் வயதை மறந்து ஓடினாள். மேலங்கிகள் தொங்கும் இடைகழியில் ஆர்விலைப் பிடித்தாள்.

“நான்தான்,” என்றாள், மூச்சிரைக்க. “அந்தச் சீட்டு என்னுது. நான்தான் பிராண்ட் பேரை எழுதினேன். நிக்கிறவங்க எதிராளி பேரைத்தான் எழுதணும்னு ஒரு வழக்கம். நான் அதைப் பண்ணினேன். அவனுக்கு அது தெரியாது. உன்மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

ஆர்வில் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சினந்திருந்தால் அவளுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து நோக்கி, “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. வா,” என்று மட்டும் சொல்லி, முழங்கால் வலியோடு படிகளில் முன்னே ஏறினார்.

மேற்படியில் ஹோஃபர் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கோல் நின்றிருந்தான்.

“பதினொண்ணுன்னு கைகொடுத்த, மார்லீன். அப்புறம் ஆறுன்ன. வந்தது அஞ்சு,” என்றார் ஹோஃபர், அவள் முகத்தைப் பார்க்காமலே. “இன்னும் அரைமணி உட்கார்ந்தா நாலாயிடும்னு என் ஆளுங்க பயப்படறாங்க. பாதிப் பேர் அந்தப் பக்கம் போயாச்சு. என்னை மன்னிச்சுக்கோ.”

“ஆறு இருக்கு! இதோ, இங்க நிக்கிறேன்!” என்று ஆர்வில் தம் நெஞ்சில் தட்டிச் சொன்னார். கோல் புன்னகைத்தான். அவை கூடியதும் ஹோஃபர் போட்டியிலிருந்து விலகி, கோலையே ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க முன்மொழிந்தார். கைதட்டல் எழுந்தது, பெயர்கள் அழைக்கப்படவேயில்லை.

அன்று பிற்பகல் நாங்கள் பதினொருவரும் மீண்டும் கொதிகலன் அறைக்கு அடுத்த அறையில் இருந்தோம். கட்டளை மீறிய ஐவரைக் கட்சியினின்று நீக்குவதா என்று முடிவு செய்யக் கூட்டப்பட்ட கூட்டம் அது. பிராண்ட் தொடங்குமுன் மார்லீன் எழுந்து, கதவுவரை வந்து திரும்பிய காலையிலிருந்து எதையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். லூவெல்லா அழுதாள், ஆர்விலின் கையைப் பற்ற முயன்றாள், அவர் கையை விலக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

பிராண்ட் நீக்கல் பட்டியல் எழுதிய தாளை நான்காக மடித்தான்.

“என் பேரை நானே எழுதறப்ப எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு,” என்றான் மெல்ல. “நீங்க அன்னிக்குக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க பேரைத்தான் எழுதியிருப்பேன்.”

அவன் பொய் பேசாதவன் என்று முன்பே சொன்னேன். அதனால்தான் அச்சொல் அவ்வளவு சுட்டது.

வேனிலில் புதிய வரைபடம் வெளிவந்தது. எங்கள் ஊர்கள் இம்முறை ஐந்தாய்க் கிழிக்கப்பட்டிருந்தன. அடுத்த தேர்தலில் பதினொருவர் அறுவரானோம். ஆர்வில் தோற்றார், பிராண்டும் தோற்றான். அறுவரும் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைப்பதில்லை என்பதே எங்களுக்கு மிஞ்சிய ஆக்கம். பிழைத்தெழும் கட்சிக்கு அது வித்தாகலாம், ஆகாமலும் போகலாம். சொல்லாத சொல்லுக்கு விலையில்லை என்று கற்றோர் கூறக் கேட்டிருக்கிறேன். அதன் விலை பத்தாண்டு என்பது எங்களுக்குத் தெரியும். மார்லீனுக்கு இப்போது வயது எழுபது.