புக்குவின் மணி

புக்குவை ஸ்டோட் என்ற வேட்டைப் பிராணி தின்றுவிட்டது. முட்டை பொரிந்த நாள் முதல் நான் காவல் காத்த கிவிப் பறவைக் குஞ்சு அது. வளை வாசலில் இறகுதான் கிடந்தது. இருக்கும் இடம் தெரிய காலில் கட்டியிருந்த ரேடியோ கருவியைக்கூடக் காணோம், அதன் சத்தமும் நின்றுபோயிருந்தது.

மறுநாளே கொலைகாரி கூண்டில் சிக்கினாள். கீரி மாதிரி ஒல்லி உடம்பு, பால் கட்டிய காம்புகள். என் கையில் சுத்தியல் இருந்தது. ஆராய்ச்சிக்காரன் ஃபெர்கஸ் குறுக்கே வந்து நின்றான். கழுத்தில் அதே மாதிரி கருவி கட்டி விட்டால் இவள் திரியும் எல்லை தெரியும், குட்டிகள் இருக்கும் இடமும் தெரியும் என்று கெஞ்சினான். பாழாய்ப்போனவளை என் கையாலேயே திறந்துவிட்டேன்.

இந்தக் காட்டில் பொறி வைப்பவன் என் கொழுந்தன் ரேவி. கேட்டதும் சிரித்தான்.

"கொன்னவளுக்கு நகை போட்டு அனுப்பிட்டீங்களாமே அண்ணி, கல்யாணம் எப்போ?"

"பூனைக்கு மணி கட்டியாச்சுடா. கருமாதிக்கு சொல்லி அனுப்புறேன், வா."

மழையோ வெயிலோ, கருவியின் சத்தத்தைப் பிடிக்கும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தேன். ரேவி தன் பொறிகளையெல்லாம் நடக்கத் தோதாக ஆற்றோரப் பாதையில் வைத்திருந்தான். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. மலை முகட்டோடு ஓடி, பின்பக்கமாக இறங்கித்தான் கிவி வளைக்கு வந்து போனாள். அவள் போன வழியையெல்லாம் வரைபடத்தில் குறித்து ரேவியிடம் காட்டினேன். பொறிப் பெட்டிகளை அவனே முதுகில் சுமந்து முகட்டுக்கு ஏற்றினான்.

அதற்குள் புக்குவின் அப்பன் அடுத்த முட்டையில் உட்கார்ந்துவிட்டான். கிவிகளில் அடைகாப்பது அப்பன்தான். அது பொரிவதற்குள் அவள் சாக வேண்டும்.

பகலெல்லாம் அவள் கருவியின் சத்தம் முகட்டில் விழுந்து கிடந்த ஒரு ரிமு மரத்தடியிலிருந்தே கேட்டது. குட்டிகள் அங்கேதான். மரத்தைச் சுற்றிப் பொறி வைத்து முயல்கறி சொருகினோம். இரண்டாம் நாள் காலையில் கழுத்து நொறுங்கிக் கிடந்தாள். மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு மரத்தடியைத் தோண்டினோம். குட்டிகளைக் கண்டதும் ஃபெர்கஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாவம், குட்டிங்க" என்றான்.

"புக்குவும் குட்டிதான்."

சுத்தியலுக்கு அன்று வேலை இருந்தது. ஒன்றையும் விடவில்லை.

அவள் வளையின் அடியில், இறகுக் குவியலுக்குள், பல் பதிந்த புக்குவின் கருவி கிடந்தது. ஃபெர்கஸ் அதற்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தான். முட்டை பொரிந்ததும், புக்குவின் தம்பி காலில் அதை நானே கட்டினேன்.