மாப்பிள்ளை குடிபோகும் பட்டணம்

டேவிட்ராஜ் எந்தப் பட்டணத்துக்குக் குடிபோக வேண்டும் என்பதில் அரியலூரில் அவனைத் தவிர எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. சென்னை கூடவே கூடாது என்றார் மாமனார் அருளானந்தம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடவா பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன் என்பது அவருடைய வாதம். மாமியார் மதலேனம்மாளுக்குப் பெங்களூர் பிடிக்கவில்லை. அந்தக் குளிர் மகளின் தொண்டைக்கு ஆகாது. பங்குச் சாமியார் கொச்சியைச் சிபாரிசு செய்தார். பக்கத்துப் பாடாலூரைத் தாண்டிப் போயிராத மளிகைக்கடை அறிவரசன்கூட, பேசாமல் துபாய்க்குப் போங்கள் என்று சொல்லிவிட்டான். இத்தனை பேர் இத்தனை அக்கறையாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. எந்தப் பட்டணமும் டேவிட்ராஜை அழைக்கவில்லை.

அவன் வரதராசன்பேட்டைக்காரன். சிறுவயதில் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பெரம்பலூர் மண்டபங்களில் கல்யாண வரவேற்பு, அரியலூரில் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை என்று அதுதான் சோறு போட்டது. வாசிப்பு நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பக்கத்துக் கீபோர்டுக்காரர்கள் பலரையும் போல அவனும் ஒரே சுருதியில்தான் விரல்களைப் பழக்கியிருந்தான். பாடுகிறவர்கள் அவரவர் தொண்டைக்குத் தக்கபடி எங்கே எடுத்தாலும் கவலையில்லை. கீபோர்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பெட்டியே சுருதியை ஏற்றியோ இறக்கியோ கொடுத்துவிடும். கை பழகிய இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். மரத்தில் செய்த நிஜப் பியானோவில் அந்தப் பொத்தான் கிடையாது.

இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எப்படியோ சமாளித்துவிடலாம் என்றுதான் ஓட்டல்களில் பியானோ வாசிக்கும் வேலை கேட்டுப் போனான். சென்னையில் ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. பெங்களூரில் அங்கே பாடுகிற பெண் நடுவில் கையைக் காட்டி, சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். டேவிட்ராஜின் இடது கை, அவனைக் கேட்காமலே, பளபளவென்ற அந்தக் கருப்புப் பலகையைத் தடவிப் பொத்தானைத் தேடியது. ஓட்டல் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "ரெண்டு வருஷம் ஒழுங்கா கத்துக்கிட்டு வாங்க தம்பி" என்று தமிழிலேயே சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்ததை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சுடும்.

பஸ்ஸில் பெரம்பலூர் வந்து இறங்கினான். அங்கே ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த மனைவி சுகன்யா மேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். கிடைத்ததா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். அதைச் சொல்லத்தான் ஆத்தூரிலிருந்து மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தான். அவள் அப்படிக் கேட்கவில்லை.

"எந்த ஊருங்க?" என்றாள்.

புருஷனை வேண்டாம் என்று சொல்லும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன், "யோசிக்கணும்" என்றான். ஒரே வார்த்தை. அரியலூர் போய்ச் சேருவதற்குள் அது இரண்டு ஊரிலும் கிடைத்த இரண்டு வேலையாக வளர்ந்துவிட்டது. மறுநாள் மாமனார் வீட்டுக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த எல்லாருக்கும் போனது. அவன் ஒன்றும் சேர்க்கவில்லை. மறுக்கவும் இல்லை.

சுகன்யா அரியலூரில் ஒரு உதவிபெறும் பள்ளியில் டீச்சர். வருடக்கணக்காகத் தற்காலிகமாக வேலை பார்த்து, போன ஆண்டுதான் நிரந்தரம் ஆனாள். அந்த உத்தரவு வந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தவள், இப்போது அதை விடப்போகிறேன் என்றாள்.

"திருவிழா முடிஞ்ச திங்கக்கிழம ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லிடப் போறேன். என் வேலைக்காக நீங்க தயங்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியாதா?"

"அவசரப்படாத சுகன்யா."

"எத்தன நாளைக்குத்தான் மண்டபத்துல பிரியாணி வாசனையில வாசிப்பீங்க? போவோம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் பெங்களூரில் வாடகை அதிகம் என்றான். பிறகு சென்னையில் வெயில் என்றான். அதைக்கூட அவள் தன்மீதுள்ள அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள். இப்படிப்பட்டவளிடம் பொய் சொல்வது சுலபம். சொல்லிவிட்டுத் தூங்குவதுதான் கஷ்டம்.

இந்த நேரம் பார்த்துக் கோயிலுக்கு ஒரு பியானோ வந்து சேர்ந்தது. திருச்சியில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது கொடுத்ததாம். மினி லாரியில் வைக்கோல் சுற்றி வந்தது. திருவிழாப் பூசையில் டேவிட்ராஜ்தான் அதை வாசிக்க வேண்டும், நற்கருணை நேரத்துப் பாட்டை சுகன்யா தனியாகப் பாட வேண்டும் என்று சாமியார் முடிவு செய்தார். பட்டணம் போவதற்கு முன் ஊர் ஒருமுறை ஆசை தீரக் கேட்கட்டும் என்று மைக்கிலேயே அறிவித்தார்.

ஒத்திகையை வீட்டில் கீபோர்டிலேயே வைத்துக்கொள்ளலாம், பியானோவுக்கு இன்னும் சுருதி சேர்க்கவில்லை என்று அவன் சாக்குச் சொன்னான். பொத்தானை அழுத்திக்கொண்டு வாசித்தான். அவள் தன் சுருதியில் எண்ணெய் ஊற்றினாற்போல் பாடினாள். கீபோர்டையே கோயிலுக்கும் எடுத்துப் போயிருக்கலாம். பியானோ இருக்கும்போது அது எதற்கு என்று நாலு பேர் கேட்பார்களே என்று அதை உறையில் போட்டு மூடினான்.

திருவிழாவன்று கோயில் நிறைந்து வழிந்தது. டேவிட்ராஜ் பியானோ முன் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே சுருதியில் முன்னிசையைத் தொடங்கினான். அது அவளுக்கு ரொம்ப மேலே. தொட்ட முதல் வினாடியே அவனுக்குத் தெரியும். கெட்டிக்காரி, சமாளித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். சுகன்யாவின் கண் ஒரு நொடி அவனைத் தேடியது. அவன் வாசிக்கிறான் என்றால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அதே இடத்தில் எடுத்தாள்.

பல்லவி தாண்டிவிட்டது. சரணத்தில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் குரல் பிசிறியது. மறுபடி முயன்றாள், கீச்சென்று உடைந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மைக்கை விட்டு விலகி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பாட்டைப் பிடித்து இழுத்தார்கள். அவன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கடைசிவரை வாசித்தான், ஒரு தப்புகூட இல்லாமல்.

பூசை முடிந்ததும் வாசலில் அவனுக்குக் கை கொடுக்க வரிசை நின்றது. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. மதலேனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் கை பிசைந்தாள்.

"ஒங்க வாசிப்புக்கு அவ தொண்ட ஈடு குடுக்கல மாப்ள. மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லிங்க அத்த" என்றான். பெருந்தன்மையாக வேறு சொல்லித் தொலைத்தான்.

வீட்டில் சுகன்யா மிளகுப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஒங்க மானத்த வாங்கிட்டேன். பட்டணத்துக்கு வரேன், ஆனா பாடச் சொல்லாதீங்க. இனிமே பாட மாட்டேன்." டேவிட்ராஜ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். தடவிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை அவளை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகளின் புழுதி. கேட்டருகே இறங்கி அவள் உள்ளே திரும்பியபோது, நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குத்தான் போகப்போகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"சுகன்யா, வேலைய விடாத."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

"எந்த ஊர்லயும் என்னய வேலைக்கு எடுக்கல."

வெட்கம் வாயைத் திறந்துவிட்டால் பாதியில் மூடாது. பெங்களூர், பொத்தான், காபி எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஊர் கிடைக்காததைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"அப்ப நேத்து? மேல எடுக்குறீங்கன்னு தெரிஞ்சேவா வாசிச்சீங்க?"

அவன் தலை குனிந்தான்.

"நான் ஒடஞ்சப்புறமும் வாசிச்சீங்களே."

பிள்ளைகள் வணக்கம் டீச்சர் என்று கடந்து போனார்கள். அவள் அவர்களுக்குத் தலையாட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அம்மா காலைல மொத பஸ்ஸுக்கு ஏலாக்குறிச்சி போயிட்டாங்க. எனக்குத் தொண்ட சரியாவணும்னு மாதாவுக்கு முடி குடுக்க. எனக்கும் கெளம்புறப்பதான் சொன்னாங்க. போயி அவங்ககிட்ட சொல்லுங்க. போங்க." அவள் வகுப்பறைப் பக்கம் நடந்தாள்.

ஸ்கூட்டர் என்ன வேகம் போகுமோ அந்த வேகத்தில் போனான். எப்படியாவது கத்தி படுவதற்கு முன் போய்விட வேண்டும் என்று, பல வருடமாக ஒப்புக்குச் சொல்லிவந்த ஜெபத்தை அன்றைக்கு உண்மையாகச் சொன்னான். ஏலாக்குறிச்சியில் கோயில் முன்னால் வேப்பமர நிழலில் மதலேனம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நேற்றுவரை இடுப்பைத் தொட்ட முடி அவளுக்கு. காதோரம் கத்தி கீறிய ஒரு சின்னக் காயம்.

"என்ன மாப்ள, இவ்ளோ தூரம்? அவளுக்கு ரொம்ப முடியலியா?" என்று பதறி எழுந்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வேலை இல்லை என்பதையும், தப்பு தன் கையில்தான் இருந்தது என்பதையும், தெரிந்தே செய்ததையும். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். சுருதி, பொத்தான் எல்லாம் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அப்ப எம்பொண்ணு தொண்டைல கோளாறு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லிங்க அத்த. நல்லா இருக்கு."

மதலேனம்மாள் கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "முடி எறக்கி ஒரு மணி நேரம்கூட ஆவல மாப்ள. மாதா கேட்டுட்டா பாத்தீங்களா" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவள் செருப்பை மரத்தடியில் விட்டு, பையை அவன் கையில் கொடுத்தாள்.

"நன்றி சொல்லிட்டு வந்துடறேன். ஒங்க வேலைக்கும் சேத்து வேண்டிக்கிறேன், வாங்க."

"எனக்காக எதுவும் வேண்டிக்காதீங்க அத்த" என்றான். அவள் காதில் அது விழவில்லை. மொட்டைத் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, புதுப்பெண் மாதிரி விறுவிறுவென்று படியேறினாள். வாசலில் நின்று திரும்பி, வாருங்கள் என்று கையை ஆட்டினாள். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டேவிட்ராஜ் வெயிலிலேயே நின்றான். உள்ளே போக அவனுக்குக் கால் வரவில்லை.