நாலாவது லெவலுக்கு இறங்கிய மீன்

மாரியம்மன் மேல் ஆணை, மாதா கோயில் மணி மேல் ஆணை, இரண்டும் போதாதென்பவர்களுக்குக் காலையில் குடித்த கஞ்சி மேல் ஆணை: இந்தக் கதையில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிது. அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தை நடத்திய கேப்டன் துரை, மெட்ராஸிலிருந்து ஒரு சிவப்பு மீனை முதல் வகுப்பில் வரவழைத்தார். மீனுக்கு ஜன்னல் ஓரம். கூட வந்த பட்லருக்குத் தரை. பங்களாவில் அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, தண்ணீர் சுமக்கும் பெருமாளைக் காவல் போட்டார்கள்.

பெருமாளுக்கு மீனைப் பற்றித் துளியும் கவலையில்லை. அவன் கவலையெல்லாம் தம்பி சம்பங்கி. சுரங்கத்துக்குள்ளே நாலாவது லெவலில், பூமிக்கடியில் பாறை துளைக்கிறவன். வெடிப்புகை வெளியேற அங்கே வழி கிடையாது. அது அடங்குமுன்னே ஆளை இறக்கிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் சம்பங்கியால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குவான். கீழே ஒரு காற்றுக்குழாய் போடச் சொல்லி ஆட்களெல்லாம் போய்க் கேட்டாயிற்று. "சோம்பேறிக்குத்தான் மூச்சு முட்டும்" என்றுவிட்டார் துரை.

பங்குனி வெயிலில் தொட்டித் தண்ணீர் வெந்நீரானது. ஒரு நாள் மீன் மேலே மிதந்து வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. துரைக்குச் சோறு இறங்கவில்லை. பெருமாள் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் தினமும் பார்க்கிற வாய்.

"நாலாவது லெவல் சில்லுனு கீது தொரை. அங்க வச்சா பொழைச்சிக்கும்" என்றான்.

சுரங்கத்து ஆட்கள் கழுத்தில் மாட்டுகிற நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்றை மீனுக்கும் கொடுத்து ஷிப்டில் சேர்த்தார்கள். தண்ணீர் சிந்தக்கூடாதென்று அன்றைக்கு, ஆளை இறக்கும் கேஜைப் பூப்போல இறக்கினார்கள். மற்ற நாளில் அது கிணற்றில் போட்ட கல். காவலுக்குப் பெருமாளும் கூடவே இறங்கினான்.

மறுநாள் துரை கீழே வந்து பார்த்தார். மீன் இன்னும் மோசமாகத் திணறியது. "இங்கே காற்றே இல்லையே! ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கத்தினார்.

அந்த வாரமே காற்றுக்குழாய் வந்துவிட்டது. புகை விலகியது. சம்பங்கி அன்றிரவு பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினான். பெருமாள் விழித்திருந்து அவன் குறட்டையைக் கேட்டான்.

ஆனால் சிக்கல் அதற்கப்புறம்தான். பெருமாள் தம்பியைத் தனியே கூப்பிட்டான்.

"மீனு செத்தா கொழாயப் புடுங்கிடுவாங்க. பொழைச்சாலும் புடுங்கிடுவாங்க. அது நோவாவே கெடக்கணும். புரியுதா?"

"இன்னாண்ணா இது, பாவம்."

"பாவம்னா நீ போயி சொவுத்துல சாஞ்சிக்க."

துரை வருகிற நேரத்துக்கு அண்ணனும் தம்பியும் தண்ணீரை மாற்றாமல் தேங்க விடுவார்கள். மீன் மேலே வந்து திணறும். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும், பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்க ஊற்றுவார்கள். மீனுக்கு உயிர் வரும். முழுசாக வருவதற்குள் பெருமாள் கையைப் பிடித்து நிறுத்திவிடுவான்.

ஒரு நாள் அவன் பங்களாவுக்குப் போய்வருவதற்குள், சம்பங்கி குடம் குடமாக ஊற்றிவிட்டான். துரை வந்தபோது மீன் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துரை கைதட்டினார். மீன் அதே கேஜில் மேலே போனது. குழாயும் பின்னாலேயே போனது, பங்களாத் தொட்டிக்கு.

"ஏண்டா ஊத்தன?"

"அது வாயத் தொறந்தா எனக்கு நெஞ்சு அடைக்குதுண்ணா. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

பெருமாள் அடிக்கக் கை ஓங்கினான். தம்பிக்கு இருமல் வந்துவிட்டதால் கையை முதுகில் வைத்துத் தடவினான்.

சம்பங்கி திரும்பவும் சுவருக்கே போனான். வைகாசியில் அவன் உதடு நீலம் பாரித்ததும் பெருமாள் பங்களாவுக்கு ஓடினான்.

"தம்பிக்கு மூச்சு உட முடில தொரை. எதுனா செய்ங்க."

துரை தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் குரலில் நிஜமான அக்கறை இருந்தது.

"தண்ணி மாத்தினியா?"

மழை தொடங்குமுன்னே சம்பங்கி சுவரில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். அவன் வில்லையை மறுநாளே வேறொருவன் கழுத்தில் மாட்டி இறக்கினார்கள். மீனின் வில்லையை மட்டும் மரியாதைக்காக யாருக்கும் கொடுக்கவில்லை.

நாலாவது லெவலில் ஆட்களுக்கென்று காற்றுக்குழாய் எந்தக் காலத்திலும் போடப்படவில்லை.