சீமாட்டிக்கு ஸ்கேன்

சின்னவள் ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் மறு கையில் துடைப்பமுமாக நாய்ப் பண்ணையின் இரண்டாவது வரிசைக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெயில் அதற்குள் தகரக் கூரையில் ஏறிவிட்டது. முதல் வரிசை ஆண் நாய்களுக்கு. அவற்றுக்குக் குரைப்பதுதான் உத்தியோகம். இரண்டாவது வரிசையில் குட்டி போட்டு ஓய்ந்த பெட்டைகளும், போடப்போகிற பெட்டைகளும் இருந்தன. கோடியில் தனியாக ஓர் அறை. அதற்குக் குட்டி அறை என்று பெயர். மின்விசிறியும் தாழ்வான மரப் பலகையும் உள்ள அந்த அறையில் இப்போது சீமாட்டி இருந்தது.

சீமாட்டி என்பது வேலைக்காரர்கள் வைத்த பெயர். வாங்கியபோது அதற்கு இருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பொன்னிற முடி, அகன்ற நெற்றி. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் ஒருமுறை மோந்துவிட்டு, இதையா எனக்குக் கொண்டுவந்தாய் என்பதுபோல் நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்குத்தான் அந்தப் பெயர். இது அதன் முதல் சினை. ஜோடி சேர்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

விரிப்பை மாற்றும்போதுதான் சின்னவள் அதைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஓரம் மங்கி, நடுவில் சிவப்பாக இருந்தது. சீமாட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். முடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு விரிப்பைச் சுருட்டிக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, கறை போகும்வரை கசக்கினாள். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கை அந்த வேலையை முடித்துவிட்டது.

அவள் பயந்ததற்குக் காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய நாத்தனார்; புருஷனின் அக்கா, இவளுக்கு அண்ணி. பண்ணையில் இவர்கள் இருவருக்கும் பெரியவள், சின்னவள் என்றே பெயர். முன்பெல்லாம் குட்டி அறையைப் பார்த்துக்கொண்டது பெரியவள்தான். சின்னவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். போன வருடம் ஒரு கறுப்புப் பெட்டைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஏழு குட்டி என்று முதலாளியம்மா ஊரெல்லாம் சொல்லி, ஏழு பேருக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். பிறந்தது ஐந்து. ஐந்தையும் கையில் ஏந்தித் துடைத்து, மூச்சு வரவழைத்து, தாயின் மடியில் சேர்த்தவள் பெரியவள். மறுநாள் முதலாளியம்மா வந்து கேட்ட முதல் கேள்வி, மீதி இரண்டு எங்கே என்பதுதான்.

அவர் கத்தவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பெரிய மனசு பண்ணிச் சும்மா விட்டதாகப் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அந்தப் பேச்சு பெரியவளுக்கு முன்னால் ஒவ்வொரு பண்ணை வாசலுக்கும் போய்ச் சேர்ந்தது. குட்டித் திருடி என்று பெயர் வாங்கியவளை நாய் வைத்திருக்கிற எவரும் உள்ளே விடவில்லை. இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து, தையல் கம்பெனியிலிருந்து வரும் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிறாள். அவள் இடம் சின்னவளுக்கு வந்தது. சின்னவளின் புருஷன் லாரியில் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்குத் தவறாமல் வருவது இவள் சம்பளம் ஒன்றுதான்.

இதில் சின்னவள் யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த இரண்டு குட்டிகளைப் பற்றி அவளுக்கே மனசின் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. மெஷினே ஏழு என்று காட்டியிருக்கிறதே, அண்ணி எங்கேயாவது கொடுத்திருப்பாளோ என்று நினைத்திருக்கிறாள். நினைத்த மறுநிமிடம் வெட்கப்பட்டும் இருக்கிறாள். ஒரே பாயில் படுக்கிறவளைப் பற்றி அப்படி நினைக்கலாமா?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சீமாட்டிக்கு முடியவில்லை, ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டாள். பெரியவள் சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முழுதும் கேட்கக்கூட இல்லை. ஸ்கேன் கீன் என்று வாயைத் திறக்காதே, கொடுத்த வேலையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டே இரு என்றாள். ரத்தம் என்ற வார்த்தை வந்தபோதுதான் கத்தரி நின்றது.

"எப்படி இருந்துச்சு? பச்சையாவா? பச்சைன்னா ஆபத்து."

"இல்ல அண்ணி. செவப்பு. லேசாதான்."

"நாத்தம்?"

"அதெல்லாம் இல்ல. ஆனா சாப்பாட்ட மோந்து பாத்துட்டு விட்டுடுது. அதோட சீமாட்டித்தனமா, இல்ல நெஜமாவே முடியலையான்னு தெரியல."

பெரியவள் கையிலிருந்த சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தாள். சீமாட்டி பண்ணைக்கு வந்தபோது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. வந்த வாரமே பேதி கண்டு கிடந்ததை மடியில் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டித் தேற்றியவள் அவள்தான். வேலை போன பிறகு நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. விசாரித்தால் தாங்காது என்று சின்னவளுக்கும் தெரியும்.

"சொல்லிடு," என்றாள் கடைசியில். "வாயில்லா ஜீவன். உள்ளயே ஏதாவது அழுகிடுச்சுன்னா தாயும் சேந்து போயிடும். ஆனா ஒண்ணு. டாக்டர் எண்ணும்போது நீ அந்த ரூம்ல நிக்காத. தண்ணி குடிக்கப் போறேன்னு வெளிய வந்துடு. எத்தனைன்னு உன் காதுல விழவே கூடாது. விழுந்துச்சுன்னா அது உன் தலையிலதான் விடியும்."

மறுநாள் கறை பெரிதாக இருந்தது. சீமாட்டி எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி, வாலால் பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. சின்னவள் விரிப்பைக் கழுவாமல் மடித்து எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனாள். முதல் நாளே காட்டியிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

முதலாளியம்மா விரிப்பைத் தொடவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். முதல் சினையில் இப்படி இருக்கும், சத்து டானிக்கைக் கூட்டிக் கொடு, சரியாகிவிடும் என்றார். சின்னவள் அங்கேயே நின்றாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள்.

"ஸ்கேனா? போன தடவை ஸ்கேன் எடுத்துதான் அவ்வளவு அசிங்கமும் ஆச்சு. இனி பொறந்தப்புறம் எண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"எண்ணுறதுக்கு இல்லம்மா. உசுரு இருக்கான்னு பாக்கத்தான். தாய்க்கு ஏதாவது ஆயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

முதலாளியம்மா ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். நாய் வாங்கிய விலை அவர் முகத்தில் ஒரு தடவை வந்து போனது. கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தவர், வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"நீ கேட்டுதான் எடுக்கிறோம். ஞாபகம் வச்சுக்க."

ஆஸ்பத்திரி அறை சின்னது. டாக்டரும் வயதில் சின்னப் பெண். சீமாட்டியின் வயிற்று முடியை மழித்து, குளிர்ந்த பசையைத் தடவினாள். மல்லாத்திப் படுக்கவைக்க உதவியாளர் எவ்வளவோ முயன்றார்; சீமாட்டி உதறிக்கொண்டு எழுந்து, மேஜையே ஆடும்படி நடுங்கியது. சின்னவள் கிட்டே போய்க் காதுக்குப் பின்னால் கையை வைத்ததும் அடங்கியது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அவள் கையை எடுத்தாள். சீமாட்டி மறுபடி எழுந்துகொண்டது.

"நீங்க பிடிச்சாதாம்மா படுக்குது," என்றாள் டாக்டர். "நகராதீங்க."

முதலாளியம்மா சுவரோரம் ஃபோனோடு நின்றார். சின்னவள் திரையைப் பார்க்கக் கூடாது என்று சீமாட்டியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி வயிற்றில் ஊர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது. செத்துப்போயிருக்கும், எல்லாம் செத்துப்போயிருக்கும், நேற்றே சொல்லாத பாவி நான்தான் என்று நினைத்தாள்.

"பாருங்க. துடிக்குது."

அவள் நிமிர்ந்தாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் குமிழ். அதற்குள் அரிசி மணி அளவில் ஏதோ ஒன்று விட்டு விட்டு மினுக்கியது. அவ்வளவு வேகமாக ஓர் இதயம் துடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் கருவியை நகர்த்த, இன்னொரு குமிழ், அதிலும் துடிப்பு.

பண்ணையில் போன வருடத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு. குட்டி அறைக் கதவைத் திறந்தாலும் மூடினாலும் குட்டிகளை விரல் நீட்டி வாய்விட்டு எண்ண வேண்டும். முதலாளியம்மா ஆபீஸில் இருந்தாலும் அவர் காதில் விழ வேண்டும். காலையும் மாலையும் எண்ணி எண்ணிச் சின்னவளின் நாக்குக்கு அது பழகிப்போயிருந்தது. வீட்டில் தட்டு கழுவினாலும் எண்ணுகிறாள் என்று பெரியவள் கேலி செய்வாள். இப்போதும் அவள் விரல் தானாக நீண்டது. ஒன்று, இரண்டு என்று உதடு ஆரம்பித்தது. ஐந்தைத் தாண்டியதும் குரல் வெளியே வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காத குரல்.

"ஆறு… ஏழு… எட்டு."

எட்டு என்று சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரித்தாள். அப்படி எண்ணக் கூடாது, ஒரே குட்டி இந்தப் பக்கமிருந்தும் தெரியும், அந்தப் பக்கமிருந்தும் தெரியும் என்றாள். பிறகு கருவியை ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தினாள். அங்கேயும் ஒரு குமிழ் இருந்தது, உள்ளே அசைவில்லை.

"இது நின்னுடுச்சு. கசிவு இதனாலயா இருக்கலாம். ஊசி போடறேன், ஓய்வு வேணும். தாய்க்கு இப்போதைக்குப் பயமில்ல. இந்த மாதிரி நின்னுபோனதத் தாயோட உடம்பே உறிஞ்சிக்கும். இன்னும் ஒண்ணு ரெண்டுகூட அப்படிப் போகலாம்."

"அப்ப பொறக்கும்போது அது வெளிய வராதா டாக்டர்?"

"வராதும்மா. அடையாளமே இருக்காது."

சின்னவளுக்குப் பெரியவளின் பிசிறு வெட்டும் கை கண்ணுக்குள் வந்தது. அவள் திரும்பி முதலாளியம்மாவைப் பார்த்தாள். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்ட முகம்தான் அது, சந்தேகமில்லை.

"அம்மா, அப்ப போன தடவ அந்த ரெண்டு…"

"அது வேற விஷயம்," என்றார் முதலாளியம்மா. கட்டைவிரலால் ஃபோனை அழுத்தி வாயருகே வைத்துக்கொண்டார். "ஸ்கேன் எடுத்தாச்சு. எட்டு. ஆமா, எட்டு. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."

"மேடம், எட்டுன்னு நான் சொல்லல," என்றாள் டாக்டர். "எண்ணிக்கைய நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க."

"நீங்க சொல்லல டாக்டர். நாளெல்லாம் அதோட கூடவே இருக்கிறவ அவ. அவளே எண்ணிட்டா."

திரும்பும்போது வண்டியின் பின்பக்கத்தில் சீமாட்டி அவள் மடியில் தலை வைத்துத் தூங்கியது. முன்சீட்டில் ஃபோன் பேச்சு ஓயவில்லை. யாரோ பெண் குட்டி கேட்டார்கள், யாரோ வெளிர் நிறம் கேட்டார்கள். முதலாளியம்மா ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. ஆனால் மடியில் அந்த வயிறு சூடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, அவளால் வருத்தப்பட்டு முடிக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் சீமாட்டி தட்டில் பாதியைச் சாப்பிட்டது. மீதியை மோந்துவிட்டு, வழக்கப்படி நிமிர்ந்து பார்த்தது. சின்னவள் அதைத் திட்டிக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கையைக் கழுவி, புடவையை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அடையாளமே இருக்காதாம் அண்ணி, டாக்டரே சொல்லிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். தன் மனசில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். அவள் திட்டட்டும், நாலு அறைகூட விடட்டும்.

வாட்ச்மேன் சாதாரணமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். போறியாம்மா என்று உட்கார்ந்தபடியே கேட்பதோடு சரி. இன்றைக்குக் கேட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"பையக் கொஞ்சம் காட்டும்மா."

"எதுக்குண்ணே?"

"குட்டி ரூம்ல வேலை பாக்கிறவங்க பையப் பாத்துதான் அனுப்பணுமாம். மத்தியானம் அம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குட்டியே இன்னும் பொறக்கலையே அண்ணே."

"நானும் அதத்தாம்மா சொன்னேன்."

அவள் ஜிப்பை இழுத்துத் திறந்து பையை நீட்டினாள். அவர் ஈரப் புடவையை வெளியே எடுத்து, ஓரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறி அவள் கையில் கொடுத்தார். சீப்பை எடுத்தார். சோப்பு டப்பாவை எடுத்தார். பையின் அடியில் கை விட்டு மூலைகளைத் தடவினார். கடைசியாக டிபன் பாக்ஸை எடுத்தார். மூடி இறுகியிருந்தது. அதைத் தொடையில் அண்டக் கொடுத்து, நகத்தால் நெம்பித் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.