முத்துராமலிங்கம் வைத்திருந்த நாத்து

ராஜபாளையத்தில் பாஸ்கெட்பால் பைத்தியம் இல்லாத தெரு குறைவு. ஆடி முடித்தவர்களுக்கோ அது முற்றிப்போன பைத்தியம். முழங்கால் போய், தொந்தி விழுந்து, கடை கண்ணி என்று உட்கார்ந்துவிட்ட எட்டுப் பேர் சேர்ந்து ஃபேண்டசி லீக் ஒன்று நடத்தினார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்களை போனிலேயே ஏலம் எடுத்து, ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரன் நிஜ மைதானத்தில் கூடை போட்டால் இவர்களுக்குப் புள்ளி. ஏலம் கேட்பதும் அந்தப் புள்ளியில்தான். காசு கிடையாது, கௌரவம்தான். காசாக இருந்திருந்தால் இவ்வளவு வெறி வந்திருக்காது.

அதில் ‘நாத்து’ என்று ஒரு ஏற்பாடு. வளர்ந்து வருகிற ஆட்டக்காரன் ஒருத்தனை ஏலம் இல்லாமலேயே வைத்துக்கொள்ளலாம். அவன் ஐந்தாவது சீனியர் ஆட்டத்தில் கால் வைத்துவிட்டால் நாத்து முற்றிவிட்டது என்று கணக்கு. பொது ஏலத்துக்குப் போய்விடுவான். அதற்குள் சீசன் முடிந்துவிட்டால், வைத்திருந்தவரே அடிமட்டப் புள்ளிக்கு மூன்று வருஷ காண்ட்ராக்ட் போட்டுக்கொள்ளலாம். அவன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருஷா வருஷம் அந்தப் புள்ளி கழியும்.

வல்லரசுக்கு இந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. செட்டியார்பட்டிக்காரன், நல்ல உயரம், குதித்தால் வளையத்தைத் தொடுவான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸில் சேர வயசுப்படி அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். மாநிலப் போட்டியில் ஒரு ஆட்டமாவது இறங்கிய சான்றிதழ் இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனுடைய கிளப்புக்குக் கோச் முத்துராமலிங்கம் அண்ணாச்சி. அவர் அந்த எட்டுப் பேரில் ஒருவர்.

அதனால் வல்லரசே போய் வலையில் விழுந்தான். எட்டுப் பேரில் இளையவனான இம்ரான், ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக்கடை வைத்திருப்பவன், வல்லரசோடு ஒன்றாகப் படித்தவன். அவனிடம் கெஞ்சினான்.

“மாப்ள, அண்ணாச்சிட்டச் சொல்லி என்னைய நாத்தா எடுத்துக்கிடச் சொல்லுலே. தன் ஆளுன்னு ஆயிட்டா ஆட விடுவாருல்ல?”

இம்ரான் சொன்னான். அண்ணாச்சியும் எடுத்துக்கொண்டார். வல்லரசு அன்றைக்கு ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான், பாவி.

மாவட்ட அளவில் நாலு சீனியர் ஆட்டம் இறக்கினார். நன்றாகவே ஆடினான். பிறகு மாநிலப் போட்டி ராஜபாளையத்திலேயே நடந்தது. முதல் ஆட்டத்தில் டீம் அனாயாசமாக ஜெயித்தது. கடைசி ஐந்து நிமிஷம் யாரை இறக்கினாலும் ஜெயிக்கிற ஆட்டம். வல்லரசு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“அடுத்த ஆட்டம் ஒனக்குத்தாம்லே” என்றார் போகிற போக்கில். அவனும் நம்பினான்.

அடுத்த ஆட்டம், தோற்றால் வெளியே. கடைசிக் கட்டத்தில் டீமின் உயரமான பையன் ஒருத்தன் ஃபவுல் கணக்கு நிறைந்து வெளியே வந்தான். வல்லரசு எழுந்தே விட்டான். அண்ணாச்சி பெஞ்சில் கிடந்த பால்ச்சாமியைக் கூப்பிட்டார். பால்ச்சாமிக்கு முழங்கால் வீங்கித் துணி சுற்றியிருந்தது.

“அண்ணாச்சி, என்னால ஏலாது” என்றான் பால்ச்சாமி.

“நின்னாப் போதும். போ.”

நின்றான். அவன் தலைக்கு மேலேயே எதிராளி இரண்டு தடவை போட்டான். ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள். ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது.

மறுநாள் வல்லரசு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி இம்ரான் கடையில் போய் நின்றான். இம்ரான் அவன் முகத்தைப் பார்க்காமல் செருப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நேத்து எறங்கியிருந்தா ஒனக்கு அஞ்சாவது ஆட்டம் மாப்ள. ஏலத்துக்கு வந்துருவ. வந்தா நான் ஒன்னைய எடுத்துருவேன்னு வெளாட்டுக்கு அண்ணாச்சிட்டச் சொல்லித் தொலைச்சேன். அதாம் பயந்துட்டாவ.”

வல்லரசுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. போனுக்குள் இருக்கிற இல்லாத டீமுக்காக, இருக்கிற டீமைத் தோற்கடித்திருக்கிறார் மனுஷன். சிரித்த வாயை மூட முடியாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். இம்ரான் ஷட்டரைப் பாதி இறக்கினான். வேறு என்ன செய்ய முடியும் அவனால்?

அந்த வாரமே வல்லரசு நூற்பாலையில் வேலை கேட்டான், கிடைத்தது. டீம் பனியனைத் திருப்பிக் கொடுக்க மைதானத்துக்குப் போனான். முத்துராமலிங்கம் அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார்.

“ஏலே வல்லரசு! சீசன் முடிஞ்சுட்டு. ஒனக்கு மூணு வருசத்துக்குக் காண்ட்ராக்ட் போட்டாச்சு. எம்புட்டுப் பேரு கண்ணு வச்சானுவ தெரியுமா? ஒருத்தனுக்கும் விடலையே நான்.”

அவர் குரலில் கள்ளம் இல்லை. நிஜமாகவே பெருமைப்பட்டார்.

“போலீசுக்கு வயசு முடிஞ்சுட்டு அண்ணாச்சி. மில்லுல சேந்துட்டேன். ஷிப்ட்டு. இனிமே ஆட்டத்துக்கு வரமாட்டேன்.”

பனியனை நீட்டினான். அண்ணாச்சி வாங்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. அவனுக்கு ஒரு கணம் மனசு இளகியது. செய்ததை உணர்ந்துவிட்டார் போல, ஒரு வார்த்தை சொல்லுவார், சொன்னால் போதும் என்று காத்து நின்றான்.

“ஏலே, இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். “காண்ட்ராக்ட்டை இனிமே ரத்து பண்ண முடியாதே. மூணு வருசமும் எனக்குல்லா புள்ளி போச்சு!”